மேரி அடித்த ரீடிங் எங்கே போனது?

போன வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணி இருக்கும். நாகராஜ் போன் செய்தார்.

மூக்கண்டப்பள்ளியில் ஒரு சின்ன கம்பெனிக்கு அவர்தான் குவாலிட்டி மேனேஜர். பாகலூர்க்காரர். மெஷின் சத்தத்திலேயே பேசிப் பழகியவர் என்பதால் போனிலும் உரக்கத்தான் பேசுவார். அன்றைக்குக் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"சார், கொஞ்சம் வந்துட்டுப் போங்க. கம்ப்யூட்டர்ல ஒண்ணு பாக்கணும். போன்ல வேணாம்."

போனில் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அது கம்ப்யூட்டர் பிரச்சினை மட்டும் இல்லை, நடுவில் ஒரு ஆளும் இருக்கிறார் என்று அர்த்தம். பைக்கை எடுத்தேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி – வாரத்தில் ஒரு நாள்தான் நான் எழுதுகிறவன். மீதி நாட்களில் ஓசூரைச் சுற்றியுள்ள சின்னச் சின்ன கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வதுதான் பிழைப்பு.

நாகராஜ் கம்பெனியில் வண்டிகளுக்குப் போகிற சின்ன ஸ்டீல் புஷ் செய்கிறார்கள், குட்டிக் குழாய் மாதிரி ஒரு பாகம். சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மெஷினிலிருந்து ஐந்து பீஸ் எடுத்து, மைக்ரோமீட்டரில் அளந்து, அந்த அளவைக் கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும். அதற்குப் பெயர் ரீடிங். அதை அடிப்பவர் மேரி.

மேரிக்குத் தூத்துக்குடிப் பக்கம். கல்யாணமாகி ஓசூர் வந்து பதினோரு வருடம். இந்தக் கம்பெனியில் மட்டும் எட்டு வருடம்.

நடந்தது இதுதான். பெங்களூரில் இருக்கிற கஸ்டமர் ஒருவர், ஒரு லாட் சரக்கில் சில பீஸ் டைட்டாக இருக்கிறது, அந்த மாத ரீடிங்கை அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறார். செவ்வாய்க்கிழமை மாலை, மேரி வீட்டுக்குப் போன பிறகு, நாகராஜ் தன் லாகினில் போய்ப் பார்த்திருக்கிறார். அந்த மாதம் காலி. அதற்கு முந்தைய மாதம்? காலி. கடைசி நான்கு மாதத்துக்கு ஒரு எண்கூட இல்லை.

நான்கு மாதமாக அவர் அதைத் திறந்தே பார்க்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். யாரும் கேட்காமலே ரிப்போர்ட்டைத் திறக்கிற மேனேஜரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

புதன்கிழமை முழுக்க அவருக்கு வெளிவேலை. வியாழக்கிழமை காலையில் இன்ஸ்பெக்‌ஷன் ரூமுக்குப் போய், அங்கே இருந்த ஆறு பெண்கள் முன்னால், நாலு மாசமா என்ட்ரியே போடலையா என்று மேரியைக் கேட்டிருக்கிறார். தினமும்தான் போடுகிறேன் என்றிருக்கிறார் மேரி. காட்டு என்றிருக்கிறார் இவர். மேரி தன் லாகினில் போய்த் திறந்து காட்டினார். நான்கு மாதமும் இருந்தது. நாள் தவறாமல், வரிசையாக.

பிரச்சினை தீர்ந்ததுதானே? இல்லை... அங்கேதான் அது பெரிதானது.

செவ்வாய்க்கிழமை மாலை இல்லாத ரீடிங் வியாழக்கிழமை காலை எப்படி வந்தது? நடுவில் புதன் முழுக்க மேரி இந்தக் கம்ப்யூட்டர் முன்னால்தான் இருந்திருக்கிறார். யாரோ தகவல் சொல்லிவிட்டார்கள். ஒரே நாளில் உட்கார்ந்து நான்கு மாதக் கணக்கையும் கற்பனையாக அடித்துவிட்டார். நாகராஜ் இப்படித்தான் முடிவு கட்டியிருந்தார். அதையும் அந்த ஆறு பேர் முன்னாலேயே சொல்லிவிட்டார்.

குவாலிட்டியில் இருப்பவரைப் பார்த்து 'அளக்காமலே எழுதினாய்' என்று சொல்வது சாதாரண வார்த்தை இல்லை. வேலை போகும். அந்தப் பேரோடு பக்கத்துக் கம்பெனியிலும் வேலை கிடைக்காது.

நான் உள்ளே போனபோது மேரி அழுதுகொண்டு இருப்பார் என்று நினைத்தேன். அவர் பத்து மணி ரீடிங் எடுத்துக்கொண்டிருந்தார். மைக்ரோமீட்டரை வெளிச்சத்துக்குத் திருப்பி, பார்த்து, பீஸைத் துடைத்து வைத்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார்.

"நான் ஒண்ணும் சொல்லல சார். நீங்களே பாருங்க."

என் லாகினில் போனேன். சாஃப்ட்வேரைத் திறந்தேன். காலி.

உண்மையைச் சொல்கிறேன் – அந்த ஒரு நிமிடம் நானும் நாகராஜ் பக்கம்தான். எட்டு வருட வேலையில் ஒரு நான்கு மாதம் சலிப்பு வந்திருக்கலாம், யாருக்குத்தான் வராது என்று மனதுக்குள் ஒரு சமாதானம்கூடச் சொல்லிக்கொண்டேன்.

பிறகு மேரியின் லாகினில் போனேன். நான்கு மாதமும் இருந்தது. திரும்ப என்னுடையது. காலி. ஒரே கம்ப்யூட்டர், ஒரே சாஃப்ட்வேர், ஆளைப் பார்த்து இரண்டு பதில்.

கையில் இருக்கிற பத்து மணி ரீடிங்கை இப்போதே அடியுங்கள் என்று மேரியிடம் சொன்னேன். அடித்தார். ஐந்து எண். சேவ் செய்தார். நானும் நாகராஜும் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் லாகினை விட்டு வெளியே வந்து என் லாகினில் போய்த் திறந்தேன்.

அந்த ஐந்தும் இல்லை.

நாகராஜ் பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

அடித்தது எங்கேயோ போய்த்தானே இருக்க வேண்டும்? கடைசி பத்து நிமிடத்தில் இந்தக் கம்ப்யூட்டரில் எந்தெந்த ஃபைல் மாறியிருக்கிறது என்று மொத்தமாகத் தேடச் சொன்னேன். பழைய கம்ப்யூட்டர். மெதுவாகத் தேடியது. வந்த பட்டியலில் ஒன்று, வெளியே தெரியாத ஒரு ஃபோல்டருக்குள், அதற்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று என்று ஆழத்தில் கிடந்தது. மேரியின் பெயரில் இருக்கிற பகுதி அது. திறந்தால் நான்கு மாதமும் அங்கே இருந்தது.

அந்த நிமிடம் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்ததும் காது சூடானது.

நான்கு மாதத்துக்கு முன்னால் இந்தக் கம்ப்யூட்டரில் பென் டிரைவ் வழியாக வைரஸ் வந்தது. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தவன் நான். அதற்குமுன் எல்லோருக்கும் எல்லா அனுமதியும் இருந்தது. அதுதான் ஆபத்து என்று சொல்லி, என் லாகினைத் தவிர மற்ற எல்லோரையும் சாதாரண யூசர் ஆக்கினேன். அதில் தப்பில்லை. இன்றைக்கும் அதைத்தான் செய்வேன்.

ஆனால் இவர்களுடைய சாஃப்ட்வேர் ரொம்பப் பழசு. ரீடிங்கை எங்கே சேமிக்க வேண்டும் என்று அதன் செட்டிங் ஃபைலில் ஒரு வரி இருக்கும். அந்த வரி, சாஃப்ட்வேர் போட்டிருக்கிற ஃபோல்டரையே காட்டியது. சாதாரண யூசருக்கு அங்கே எழுத அனுமதி கிடையாது.

அனுமதி இல்லையென்றால் 'இல்லை' என்று சொல்ல வேண்டியதுதானே? புதிய சாஃப்ட்வேர் என்றால் விண்டோஸ் சொல்லும். பழையதிடம் சொல்லாது. முகம் முறிக்காமல் வாங்கிக்கொண்டு, அந்த ஆளுடைய தனி மூலையில் கொண்டுபோய் வைத்துவிடும். அந்த ஆள் வந்து கேட்டால் எடுத்துக் கொடுக்கும். வேறு யார் கேட்டாலும் அப்படி ஒன்றும் இல்லை என்றுவிடும். நான்கு மாதமாக மேரி அடித்தது மேரிக்கு மட்டும் தெரிந்தது இப்படித்தான்.

சரி, அன்று வேலையை முடித்துவிட்டு நான் சோதித்துப் பார்த்தேனா இல்லையா?

பார்த்தேன். என் லாகினில். எல்லாக் கதவும் திறந்திருக்கிற லாகினில். இரண்டு எண்ணை அடித்தேன், சேவ் ஆனது, அதை அழித்துவிட்டு ஓடுது என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போய்விட்டேன். மேரியின் லாகினில் ஒரு தடவை பார்த்திருந்தால்... அதற்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

எங்கள் தொழிலில் ஒளிந்துகொள்ள ஒரு நல்ல வார்த்தை இருக்கிறது. 'விண்டோஸ் பிரச்சினை.' அதைச் சொல்லியிருந்தால் நாகராஜ் நம்பியிருப்பார். யாரும் மேலே கேட்டிருக்க மாட்டார்கள். வாயில்கூட வந்துவிட்டது. மேரி எனக்கு நேராக நின்றுகொண்டு இருந்தார். சொல்ல முடியவில்லை.

"நாகராஜ் சார், இது நான் பண்ண தப்பு" என்றேன். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன்.

அவர் மேனேஜர். உடனே நம்பிவிடுவாரா? ரீடிங் இருந்தது சரி, ஆனால் தினமும் அடித்ததுதான் என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டார். நியாயமான கேள்வி.

நல்ல வேளையாக அந்தப் பழைய சாஃப்ட்வேர் ஒரு நாளைக்கு ஒரு ஃபைல் போடும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் கடைசியாக எழுதிய தேதியும் நேரமும் இருக்கும். ஸ்கிரீனை அவர் பக்கம் திருப்பினேன். பெரும்பாலும் மாலை நான்கு மணி சில நிமிடம். ஒரு நாள் மட்டும் ஐந்தே முக்கால் – அன்று மெஷின் நின்று லேட்டாக ஓடியது என்று நாகராஜே ஞாபகப்படுத்திக்கொண்டார். நடுவில் இரண்டு நாள் ஃபைலே இல்லை. மகளுக்குக் காய்ச்சல் என்று மேரி லீவ் போட்ட நாட்கள். வருகைப் பதிவேட்டை எடுத்து அவரே சரிபார்த்தார்.

பிறகு கஸ்டமர் கேட்ட லாட்டுக்கு வந்தோம். அந்த வாரத்தில் ஒரு நாள், பன்னிரண்டு மணியிலிருந்து அளவு கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குப் போயிருந்தது. இரண்டு மணி ரீடிங் எல்லையைத் தொட்டுக்கொண்டு நின்றது. பக்கத்தில் குறிப்பு: 'டூல் தேய்ந்துவிட்டது. ஆபரேட்டரிடம் சொல்லியாச்சு.' நான்கு மணிக்கு அளவு திரும்ப நடுவுக்கு வந்திருந்தது.

நாகராஜ் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். உட்கார்ந்த இடத்தில் கற்பனையாக எண் போடுகிறவர் எல்லாவற்றையும் அழகாக நடுவில்தான் போடுவார். தனக்கே தொல்லை தருகிற எண்ணை யார் கற்பனை செய்வார்கள்?

அந்த ரீடிங் அன்றைக்கே பெங்களூருக்குப் போனது. குறிப்பிட்ட அந்த ஒரு நாள் பீஸ்களை மட்டும் பிரித்துப் பாருங்கள், மற்றதை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று மறுநாளே பதில் வந்துவிட்டதாம்.

எனக்கு வேலை பாக்கி இருந்தது. எல்லாருக்கும் எல்லா பர்மிஷனும் கொடுத்துவிடுங்கள், தலைவலி விட்டது என்றார் நாகராஜ். எல்லோரும் கேட்பது இதுதான். ஒரு காலத்தில் நானும் கொடுத்திருக்கிறேன். அப்படிக் கொடுத்த இன்னொரு இடத்தில் ஒருவர் தெரியாமல் மவுஸை இழுத்து, டிராயிங் ஃபோல்டர் முழுவதையும் வேறொன்றுக்குள் போட்டுவிட்டார். அதைத் தேடி எடுப்பதற்குள் எனக்கு ஒரு நாள் போனது.

அதனால் ரீடிங்குக்கென்று தனியாக ஒரு ஃபோல்டர் போட்டேன். செட்டிங் ஃபைலில் அந்த ஒரு வரியை மாற்றி, இனிமேல் இங்கே சேமி என்று காட்டினேன். அந்த ஃபோல்டரில் எழுத மேரிக்கு அனுமதி. படிக்க மட்டும் நாகராஜுக்கு. நான்கு மாத ஃபைல்களையும் தேதி மாறாமல் அங்கே கொண்டுவந்து வைத்தேன். பிறகு மேரியை அவர் லாகினில் அடிக்கச் சொன்னேன். நாகராஜை அவர் லாகினில் பார்க்கச் சொன்னேன். நான் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றேன். இந்தத் தடவை இருவருக்கும் ஒரே எண் தெரிந்தது.

மணி ஒன்றை நெருங்கியது. நாகராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு, மேரியை ஆபீஸ் ரூமுக்கு வரும்படி கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று நினைத்திருப்பார்.

மேரி போகவில்லை. மைக்ரோமீட்டரைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"எல்லாரு முன்னாலயும்லா கேட்டீங்க சார். எல்லாரு முன்னாலயும் சொல்லிருங்க. எனக்கு அது போதும்."

நாகராஜ் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். யார் பெயரைச் சொல்ல வேண்டுமோ அதையும் சொல்லிவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லோரையும் அதே ரூமில் நிற்கச் சொன்னார். காலையில் இருந்த ஆறு பேர், மெஷின் ஆபரேட்டர்கள், பேக்கிங்கில் இருப்பவர்கள் எல்லோரும் வந்தார்கள். மேரி தினமும் சரியாகத்தான் ரீடிங் போட்டிருக்கிறார், நான் விசாரிக்காமல் பேசிவிட்டேன், தப்பு கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்த இடத்தில் நடந்திருக்கிறது என்று என் பெயரையும் சேர்த்துத் தமிழில் சொன்னார். பேக்கிங்கில் இரண்டு பேர் முகத்தில் தமிழ் புரிந்த அடையாளம் தெரியவில்லை. மறுபடி கன்னடத்தில் சொன்னார். அப்புறம் தெலுங்கிலும் சொன்னார். அவசரப்படாமல், எதையும் விடாமல் சொன்னார். மூன்றாவது முறை சொல்லும்போது அவர் முகமே கொஞ்சம் லேசானது மாதிரி இருந்தது. மேரி தலையை மட்டும் அசைத்துவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு மற்ற பெண்களோடு சாப்பிடப் போனார்.

எனக்குக் கன்னடமும் தெலுங்கும் அரைகுறைதான். ஆனால் என் பெயர் மூன்று மொழியிலும் ஒரே மாதிரிதான் இருந்தது.