ரயில் போர்ட்டருக்குச் சந்தன மாலை

கல்யாணப் படத்தில் கழுத்தில் கிடக்கும் மாலை வேறு, சட்டத்தின்மேல் தொங்கும் மாலை வேறு. இரண்டாவது விழுந்தால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். மன்னாரிலிருந்து மொன்றியலுக்கு வந்து சேர்ந்த எங்கள் வீட்டில் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அருங்காட்சியகத்துக்காரர்களுக்குத் தெரியாமல் போனதில்தான் வில்லங்கம் வந்தது.

எனக்கு அப்போது எட்டு வயது. பெப்ரவரி கறுப்பின மக்களின் வரலாற்று மாதம் என்று, பள்ளிக்கூடத்திலிருந்து எங்களை ஒரு சிறிய அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கிருந்த பெண் ஆளுக்கொரு பழைய படத்தின் பிரதியைத் தந்தார். வீட்டாரோடு சேர்ந்து இதற்கு உயிர் கொடுங்கள், சனிக்கிழமை குடும்பத்தோடு கொண்டுவாருங்கள் என்றார். என் படத்தில், பயணிகளின் பெட்டிகளைத் தூக்கிப் படுக்கை விரித்துக்கொடுக்கும் ரயில் போர்ட்டர் ஒருவர் சீருடையும் தொப்பியுமாக நின்றார். அவர் கையைப் பிடித்தபடி ஒரு சின்னப் பெண்.

உயிர் கொடுக்கச் சொன்ன படத்துக்கு அம்மா செய்தது நேர்மாறு.

"கறுப்பு வெள்ளைப் படம். ரெண்டு பேரும் எப்பவோ செத்துப் போயிருப்பினம், பாவம்" என்று சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். தமிழ்க் கடையில் வாங்கி அலுமாரிக்குள் வைத்திருந்த சந்தனச் சீவல் மாலையை எடுத்து, படத்துக்குச் சட்டம் போட்டு அதில் மாட்டினார். கீழே பற்றரியில் எரியும் மெழுகுதிரி ஒன்றையும் ஒட்டினார். துறைமுக வேலையால் வந்த அப்பா அதைப் பார்த்ததும் கம்பளித் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு கணம் நின்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சனிக்கிழமை மற்றப் பிள்ளைகளின் படங்களில் பஞ்சுப் புகை விட்டபடி ரயில்கள் ஓடின, மினுக்குத்தூள் கொட்டியது. எங்கள் மேசை மட்டும் செத்தவீடு மாதிரி இருந்தது. அப்போதுதான் அருங்காட்சியகப் பெண் கைதட்டி, போர்ட்டரின் கையைப் பிடித்து நிற்கும் சிறுமி இன்று வந்திருக்கிறார் என்று அறிவித்தார். அந்தச் சிறுமி தான்தான் என்று அண்மையில்தான் அவர் வந்து சொன்னாராம். ஊதா நிறத் தொப்பி அணிந்த வயதான கறுப்பினப் பெண்மணி ஒருவர் தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஐயோ, ஆள் இருக்கிறா! மாலையைக் கழட்டு, கழட்டு" என்றார் அம்மா என் காதுக்குள். அதற்குள் அந்தப் பெண்மணி எங்கள் மேசைக்கே வந்துவிட்டார். மாலையை முகர்ந்து பார்த்து, நல்ல வாசம், இது எதற்கு என்று பிரெஞ்சில் கேட்டார். அம்மாவுக்குத் தெரிந்த பிரெஞ்சு 'பொன்ஜூர்', 'மெர்சி'யோடு சரி. திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல நின்றவர், "வடிவுக்கு எண்டு சொல்லு" என்றார். அழகுக்கு என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். வந்தது உண்மை. செத்தவர்களுக்குப் போடுவோம் என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பெண்மணி இருமல் வரும்வரை சிரித்தார். அப்போ நான் போய்விட்டேனா என்றார். பிறகு சிரிப்பு நின்றது. மாலையை மெதுவாக நகர்த்தி, சிறுமியை விட்டு அந்த மனிதர் பக்கம் மட்டும் விழும்படி தொங்கவிட்டார். என் அப்பா போய் வெகுகாலம், இவருக்குப் போட்டது சரிதான் என்றார்.

அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில், "அவரிட பேர் என்னவெண்டு கேள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் குடுக்கலாம்" என்றார். கேட்டேன்.

அந்தப் பெண்மணி சுவரில் பெரிதாக மாட்டியிருந்த அதே படத்தைத் திரும்பிப் பார்த்தார். 'ரயில் போர்ட்டர், மகளுடன்' என்றுதான் அதன் கீழே எழுதியிருந்தது. ரயிலில் வந்தவர்கள் எல்லாப் போர்ட்டரையும் ஒரே பெயரால்தான் கூப்பிட்டார்கள், அது அப்பாவின் பெயரல்ல, ஆனாலும் கூப்பிட்டதும் போய் நிற்கவேண்டும் என்றார். பிறகு, "சைலஸ்" என்றார். சொல்லிவிட்டு அழுதார். நான் தமிழில் சொல்லி முடிக்க அம்மாவும் அழுதார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பெயரைக் கேட்டால் யாராவது அழுவார்களா? பள்ளிக்கூடத்தில் முதல் நாள் எல்லோரும் என் பெயரைத்தான் கேட்டார்கள். நான் அழவில்லையே!

மறுநாள் தமிழ்ப் பூசையில் சுவாமியார் இறந்தவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டு வந்தார். அந்தோனிப்பிள்ளைக்கும் மரியநாயகத்துக்கும் நடுவே சைலஸ் வந்ததும் சற்றுத் தடுமாறினார். பூசை முடிந்து வாசலில் அம்மாவை மறித்து, "இது ஆர், உங்கட சொந்தமோ?" என்று கேட்டார்.

"ஓம் சுவாமி" என்றார் அம்மா, கொஞ்சமும் யோசிக்காமல்.

நான் திடுக்கிட்டு அப்பாவைப் பார்த்தேன். அவரும் ஆமென்று தலையை ஆட்டினார். கோயில் வாசலில் நின்று, சுவாமியாரிடமே, இரண்டு பேரும் சேர்ந்து பொய்! பனிக்குள் நடந்து வீடு வரும்வரை எனக்கிருந்த கவலையெல்லாம், செய்த பாவங்களைச் சுவாமியாரிடம் ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் இதை அவர்கள் சொல்வார்களா மாட்டார்களா என்பதுதான்.