அக்கா கேட்காத பாட்டு

இடது காது முழுதாகக் கேட்காமல் போன வாரத்திலேயே அக்கா தன் இயர்போனின் இடதுபக்க வயரைக் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்துவிட்டாள். "வேலை செய்யாதது எதுக்குடா சும்மா தொங்கிக்கிட்டு?" என்றாள். மிச்சமிருந்த ஒற்றை வயரை வலது காதில் செருகிக்கொண்டு தாம்பரத்திலிருந்து சேலையூரில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஷேர் ஆட்டோவில் போவாள். பார்த்தவர்கள் எலி கடித்துவிட்டது என்று நினைத்திருக்கலாம். அவள் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் கொயரில் ஆல்டோ என்கிற தணிந்த குரலில் பாடுகிறவள். அதனால் அந்த வயரில் ஓடுவது ஏதோ கீர்த்தனை என்றே சபையில் பலரும் நம்பினார்கள். ஓடியதென்னவோ டிரம்ஸும் கிட்டாரும் தொண்டை கிழியக் கத்தும் ஒரு குரலும்தான். இரண்டு பக்கத்துச் சத்தத்தையும் ஒரே பக்கத்தில் கொட்டும்படி போனில் ஏதோ மாற்றி வைத்திருந்தாள். ஒரு காதில் கேட்டாலும் பாட்டு பாதியாகிவிடக் கூடாது அவளுக்கு.

அவள் கேட்டது ஒரே ஒரு குழுவைத்தான். பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் படித்த நாலு பேர் ஆரம்பித்த தமிழ் ராக் பேண்டு அது. அக்கா காலேஜ் இரண்டாம் வருஷம் படித்தபோது அவள் கல்லூரி விழாவில் வந்து வாசித்தார்கள். நடுவில் மழை பிடித்துக்கொண்டது, மேடையில் மைக் செத்துப்போனது, கூட்டம் கலைந்து ஓடியது. அவர்கள் மட்டும் நிறுத்தவில்லையாம். மைக் இல்லாமலே பாடினார்களாம். கலையாமல் நின்ற கொஞ்சம் பேரில் அக்காவும் ஒருத்தி. அன்றிலிருந்து அவர்கள் அவளுக்கு 'நம்ம பசங்க'. அவர்களுக்கும் தாடி நரைத்து, பெரிய மேடைகளெல்லாம் ஏறிய பிறகும் அவள் வாயில் அந்தப் பெயர் மாறவில்லை. எனக்கு இந்த வியாதியெல்லாம் கிடையாது. பாட்டு என்பது எனக்கு டீக்கடையில் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சத்தம். அவள் என் காதில் இயர்போனை வைத்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். கொஞ்ச நேரத்தில் நான் "நல்லாருக்கு" என்று கழற்றிக் கொடுத்துவிடுவேன். "உனக்கெல்லாம் எதுக்குடா ரெண்டு காது?" என்று சிரிப்பாள். அவளுக்கும் இரண்டு காது இருந்த காலம் அது.

அப்புறம் வலது காதிலும் இரைச்சல் ஆரம்பித்தது. நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர் பக்குவமாகத்தான் சொன்னார். காது நரம்பின் மேல் கட்டி. இடதுபக்கம் வந்ததே இந்தப் பக்கமும் வந்திருக்கிறது. மூளைத் தண்டை அழுத்த ஆரம்பித்துவிட்டது, இனி விட்டுவைத்தால் உயிருக்கு ஆபத்து. எடுக்கும்போது நரம்பும் சேர்ந்து போய்விடும். காதுக்கு மெஷின் வைக்கலாமே என்று நான் கேட்டேன். "மெஷின் சத்தத்தை வாங்கிக் குடுக்கும்பா. அதை உள்ள எடுத்துட்டுப் போக நரம்பு வேணுமே" என்றார். அக்கா அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அழுதாள். அக்கா கேட்டது ஒரே கேள்வி: "சார், இந்த சனிக்கிழமை தாண்டி வெச்சுக்கலாமா?"

நம்ம பசங்க அந்தச் சனிக்கிழமை மாலை ஊரப்பாக்கத்தைத் தாண்டி ஒரு பெரிய மைதானத்தில் வாசிக்கவிருந்தார்கள். டிக்கெட்டுகளை அவள் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தாள். டாக்டர் அதற்கடுத்த புதன்கிழமைக்கு நாள் குறித்தார். அம்மாவோ அதே சனிக்கிழமை மாலை வீட்டில் ஜெபக்கூட்டம் ஏற்பாடு செய்துவிட்டாள். பாஸ்டர் வருகிறார், கொயரிலிருந்து எல்லோரும் வருகிறார்கள், அக்காவின் தலையில் கைவைத்து ஜெபிக்கப் போகிறார்கள். அப்பா போன பிறகு அம்மாவுக்கு இருந்த ஒரே பலம் அந்த ஜெபந்தான். "கர்த்தர்கிட்ட மன்றாட வேண்டிய நேரத்துல உனக்குக் கூத்து கேக்குதாடி?" என்று நாங்கள் கிளம்பும் நேரத்தில் கத்தினாள். அக்காவும் கத்தினாள். காது மந்தமானவர்கள் போடும் சத்தம் தெரு வரை கேட்டது. "நீ எனக்காக ஜெபம் பண்ணும்மா. பண்ணு. எனக்குக் காது இருக்கற கடைசி சனிக்கிழமை இது. அதை என்கிட்ட விட்டுடு." அம்மா, வருகிறவர்களுக்காக வாங்கிய கேக்கைத் தட்டில் அடுக்க ஆரம்பித்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் ஏறும்போதே கூட்டம் வழிந்தது. பாதிப் பேர் கறுப்புச் சட்டை. வண்டலூரில் இன்னும் ஏறினார்கள். அக்கா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தி எனக்கு வலித்தது. ஊரப்பாக்கத்தில் இறங்கிப் பார்த்தால் ஜிஎஸ்டி ரோடு அசையாமல் நின்றது. பஸ்கள், கார்கள், நடுவில் புகுந்து மாட்டிக்கொண்ட ஓர் ஆம்புலன்ஸ். ஆட்டோக்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். நடந்தோம். நடையில் அவளுக்கு நிதானம் இல்லை. இருட்ட ஆரம்பித்ததும் தள்ளாட்டம் அதிகமாயிற்று. ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "வேகமா போடா, ஆரம்பிச்சுடுவாங்க" என்று என்னைத் தள்ளியபடியே வந்தாள். மைதானத்து வாசலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கேட்டை இழுத்துப் பூட்டியிருந்தார்கள்.

கையில் டிக்கெட் வைத்திருந்த கூட்டம் வெளியே கத்திக்கொண்டிருந்தது. இருக்கிற இடத்துக்கு மேலே விற்றிருக்கிறார்கள் என்று ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற செக்யூரிட்டிக்கு ஐம்பது வயதிருக்கும். அவர் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. வீட்டில் யாரிடமும் எதையும் இரண்டாம் முறை கேட்டுப் பழக்கமில்லாத அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரிடம் கெஞ்ச ஆரம்பித்தாள். "அண்ணா, ஒரு ஓரமா நின்னுக்கறோம்ணா. எனக்குப் புதன்கிழமை ஆபரேஷன். அப்புறம் காதே கேக்காதுண்ணா. இன்னிக்கு மட்டுந்தாண்ணா."

"இன்னாமா, ஆளாளுக்கு ஒரு கதை சொல்லிகினு வர்றீங்க. உள்ள நிக்க எடமில்லமா. நசுங்கி செத்தா எவன் பதில் சொல்றது? வூட்டுக்குப் போமா."

அவர் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. "என்னடா சொல்றாரு? விடுறேன்றாரா?" என்று என்னைப் பார்த்தாள். நான் இல்லையென்று தலையாட்டினேன். அவள் திரும்பவும் அதையே முதலிலிருந்து அவரிடம் சொன்னாள். அந்த மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உள்ளே டிரம்ஸ் அதிர்ந்த அந்த நொடியில்தான் வெளியே நின்ற கூட்டம் பொறுமை இழந்தது. பக்கத்தில் தகரம் அடித்திருந்த தடுப்பு ஒன்று சரிந்தது. நாங்கள் நடந்து உள்ளே போகவில்லை, எங்களைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அக்காவின் ஒரு செருப்பு எங்கேயோ போனது. யாரோ ஒரு பெண் கீழே விழுந்தாள், நாலைந்து பேர் கத்திக்கொண்டே அவளைத் தூக்கினார்கள். நான் அக்காவைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் வளைத்துப் பிடித்திருந்தேன். நெஞ்சு நசுங்க மூச்சு கிடைக்காத ஒரு நேரம் இருந்தது. அம்மா வீட்டில் முழங்காலில் நிற்பது எனக்கு ஞாபகம் வந்தது. பிறகு கூட்டம் தளர்ந்தது. ஓர் ஒலிபெருக்கிக் கோபுரத்தின் அருகே நின்றோம். தூரத்து வெளிச்சத்தில் நாலு பேர் தெரிந்தார்கள். என் பற்கள் கூட அதிர்ந்தன. சுற்றி ஆயிரக்கணக்கான வாய்கள் ஒன்றாய்ப் பாடின. வந்து சேர்ந்துவிட்டோம் என்று நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன்.

அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. வழி தெரியாமல் நிற்கிறவளின் முகம் அது. என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இது எந்தப் பாட்டுடா?"

முதலில் எனக்குப் புரியவில்லை. அவள் மறுபடியும் கேட்டாள். "எந்தப் பாட்டு பாடறாங்க? எனக்கு வெறும் இரைச்சலா இருக்குடா. ஒண்ணும் பிரியல."

அப்போதுதான் விஷயம் எனக்கு உறைத்தது. அவள் வலது காது எங்களுக்குத் தெரிந்ததைவிட எவ்வளவோ முன்னாலேயே போயிருந்தது. போனில் அவள் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தது பாதி காதால், மீதி மனப்பாடத்தால். எந்தப் பாட்டு என்று முன்னமே தெரிந்தால் மனசு மிச்சத்தைப் போட்டு நிரப்பிக்கொள்ளும். இங்கே எதற்குப் பின் எது வரும் என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஒரு பாட்டு கூடத் தெரியாமல் நான் அவள் பக்கத்தில் நின்றேன்.

பக்கத்தில் குதித்துக்கொண்டிருந்த ஒரு கல்லூரிப் பெண்ணின் தோளைத் தட்டி, "இது என்ன பாட்டும்மா?" என்று கத்தினேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "'உப்புத் தண்ணி', அண்ணா! இதுகூடத் தெரியாம வந்தீங்களா?" நான் அக்கா பக்கம் திரும்பி வாயை நன்றாகத் திறந்து சொன்னேன். உப்புத் தண்ணி. அவள் கண்ணை மூடினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அவள் தலை அசைய ஆரம்பித்தது. உதடு சரியான இடத்தில் சரியான வார்த்தையைப் பிடித்துக்கொண்டது. பெயரைச் சொன்னதும் அந்த இரைச்சலுக்குள்ளிருந்து பாட்டு அவளுக்கு எழுந்து வந்துவிட்டது. அவள் கத்திப் பாடினாள். சுருதி எங்கோ போனது. அழுதுகொண்டே பாடினாள்.

அடுத்த பாட்டுக்கும் அப்படியே. நான் அந்தப் பெண்ணைத் தட்டுவேன், அவள் கத்துவாள், நான் திரும்பி அக்காவுக்கு வாயசைப்பேன். 'கடைசிப் பெட்டி.' 'எட்டாவது மாடி.' என்ன நடக்கிறதென்று அந்தப் பெண்ணுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. அதற்குப் பின் நான் தட்ட வேண்டியிருக்கவில்லை. முதல் கிட்டார் சத்தத்திலேயே கண்டுபிடித்து, அவளே அக்காவின் முகத்துக்கு நேராக வந்து பெயரைச் சொன்னாள். அக்கா அவள் கன்னத்தைத் தடவினாள். எல்லாம் சரியாகிவிடும் போலத் தோன்றியது எனக்கு.

கடைசியில் பாடகர் மைக்கில் ஏதோ சொன்னார். கூட்டம் ஒரு பெருஞ்சத்தம் போட்டு, அப்படியே அடங்கியது. எல்லோரும் போன் வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்தார்கள். ஒற்றைக் கிட்டார் தொடங்கியது. அக்கா அந்தப் பெண்ணைப் பார்த்தாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "அண்ணா, இது புதுசுண்ணா. இன்னும் வெளியவே வரல. இப்பத்தான் ஃபர்ஸ்ட் டைம் பாடறாங்க."

நான் அதை எப்படிச் சொல்வது? போனில் அடித்துக் காட்டினேன். அக்கா படித்தாள். தலையை ஆட்டினாள். பிறகு வலது காதை மேடைப் பக்கம் திருப்பி, உள்ளங்கையைக் குவித்து வைத்துக்கொண்டு நின்றாள். நெற்றியில் நரம்பு புடைக்கும் அளவுக்கு அவள் முயற்சி செய்வது தெரிந்தது. பிடித்துக்கொள்ள அவளிடம் ஒரு வார்த்தை கூட இல்லை. சுற்றியிருந்தவர்கள் அழுதார்கள், ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கானோர் ஒரு பாட்டை முதன்முதலாகக் கேட்டுக்கொண்டிருந்த இடத்தில் அவள் ஒரு பூட்டிய வீட்டின் வாசலில் நிற்பதுபோல நின்றாள். பாட்டு முடிவதற்கு முன்பே கையை இறக்கிவிட்டாள். "இது எனக்கில்லடா, வா" என்றாள்.

ரயிலேறி வீடு திரும்பினோம். அம்மா அக்காவின் வெறுங்காலைப் பார்த்துவிட்டு வெந்நீர் வைத்துக் கொண்டுவந்தாள். புதன்கிழமை ஆபரேஷன் நடந்தது. உயிருக்குக் குறை வரவில்லை. டாக்டர் சொன்னபடியே, மற்றது போய்விட்டது.

இப்போது சில வருஷங்களாகின்றன. பள்ளிக்கூடத்தில் அவளை வகுப்பிலிருந்து எடுத்து ஆபீஸில் உட்கார வைத்திருக்கிறார்கள். அம்மா, நான், இடையில் கல்யாணமாகி வந்த என் மனைவி என எங்கள் மூவரின் உதட்டையும் படிக்கிறாள், மனைவியினுடையதைச் சட்டென்று படித்துவிடுவாள். அந்தப் புதுப் பாட்டு அடுத்த வருஷமே வெளிவந்து ஊரையே பிடித்துக்கொண்டது. பெருங்களத்தூர் சிக்னலில் நிற்கும் ஆட்டோவில் அதுதான். பஸ் ஸ்டாண்டில் யார் போன் அடித்தாலும் அதுதான். எனக்கு இப்போது நம்ம பசங்களின் எல்லாப் பாட்டும் தெரியும். ஆபீஸ் போகும் ரயிலில் ஒவ்வொன்றாய்க் கேட்டுப் படித்தேன். எந்தப் பாட்டில் டிரம்ஸ் நிற்கும், எங்கே மூச்சு வாங்குவார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்ததும் அக்கா என்னைச் சமையலறையில் பிடித்துக்கொண்டாள். அந்தப் புதுப் பாட்டின் வார்த்தைகளை எப்போதோ படித்துவிட்டாள், அவளுக்கு வேண்டியது மெட்டு. "தெரிஞ்ச பாட்டை வெச்சு சொல்லேன்டா" என்றாள். நான் யோசித்து யோசித்துச் சொன்னேன். ஆரம்பம் 'கடைசிப் பெட்டி' இரண்டாவது சரணம் மாதிரி, ஆனால் இன்னும் மெதுவாக. அப்புறம் 'உப்புத் தண்ணி'யில் குரல் ஏறுகிற மாதிரி ஏறும், ஆனால் உச்சிக்குப் போகாமல் பாதியில் இறங்கிவிடும். அவள் ஒவ்வொன்றையும் கண்ணை மூடி உள்ளே வாங்கினாள். பிறகு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு, வார்த்தைகளைப் போட்டு மெல்லப் பாடினாள்.

அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். அது அந்தப் பாட்டு இல்லை. அதன் பக்கத்தில் கூட இல்லை.

"சரியா இருக்கா?" என்று அக்கா கேட்டாள். பதிலுக்கு என் உதட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா தன் உதடு அக்காவுக்குத் தெரியாதபடி முகத்தைத் திருப்பி, "ஆமான்னு சொல்லிடுடா" என்றாள். என்னால் முடியவில்லை. இல்லை என்று தலையாட்டினேன்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரி" என்றாள். "முதல்லேருந்து சொல்லு."