வரிசையில் நின்ற வடக்கனந்தல்காரி

என் தோழி வசந்தி, எங்கள் ஊர்ப்பக்கத்து இலங்கைத் தமிழர் முகாமில் இருப்பவள். ஒருநாள் அவளை வற்புறுத்தி, அருவி பார்க்கக் கல்வராயன் மலைக்கு பஸ்ஸில் கூட்டிப்போனேன்.

வழியில் அவளுடைய மாமாக்கள் இருவர் வீடியோ காலில் வந்தார்கள். எந்த நாடு நல்லது என்று பேச்சு வந்தது. வேறு நாட்டில் குடியேறத் தாய்லாந்தில் காத்திருப்பவர், "ஐ.நா. அகதி அட்டை இருக்குது. ஆனா வெளியில தலை காட்டேலாது, பிடிச்சிடுவாங்கள்" என்றார். கனடாக்காரர், "எனக்குக் குடியுரிமையே கிடைச்சிட்டுது" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க ஊரப் பாருங்க, ஜாலியா மலைக்குப் போய்க்கினு இருக்கோம். யாரு கேக்கறாங்க?" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, வசந்தியின் அம்மாவிடமிருந்து போன். "செக்கிங்கை இண்டைக்கே வச்சிட்டாங்கள்! ஆள் இல்லையெண்டா பேரை வெட்டிடுவாங்கள்!" முகாமில் மாதாமாதம் ஆள் கணக்கெடுப்பதைத்தான் செக்கிங் என்பார்கள்.

பாதி மலையில் இறங்கி, மரவள்ளிக்கிழங்கு ஏற்றிவந்த டெம்போவில் மூட்டைமேல் உட்கார்ந்து முகாமுக்குப் பறந்தோம். வசந்தி கையெழுத்துப் போட்டுவிட்டாள். வரிசையைக் கண்டால் நின்றுவிடும் ரேஷன் கடைப் பழக்கத்தில் நானும் அவள் பின்னாலேயே நின்றிருந்தேன்.

"உங்க கார்டு எங்கம்மா?" என்றார் அதிகாரி.

"நான் வடக்கனந்தல் சார்! பொறந்ததே கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிலதான்" என்று பதறினேன்.

"நானும் அங்கதான் சார் பொறந்தேன்" என்றாள் வசந்தி.

அதிகாரி அவசரமாக நோட்டைப் புரட்ட ஆரம்பித்தார்.

இப்போதெல்லாம் வசந்தியோடு எங்காவது கிளம்பினால், ராகு காலம் பார்ப்பதற்கு முன்னால் செக்கிங் உண்டா என்று கேட்டுவிடுகிறேன். எந்த நாடு நல்லது என்று மாமாக்கள் பேச்செடுத்தால் வாயைத் திறப்பதில்லை. அந்த அருவியை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை.