குறுக்கே கிடந்த கொப்பு

என் கணவரின் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த டாக்டர், "தினமும் நடங்க" என்று மட்டும்தான் சொன்னார். மலையடிவாரத்தில் போய்க் குடியிருங்கள் என்று சொல்லவில்லை. அதை இவராகவே சேர்த்துக்கொண்டு, சென்னை வீட்டைக் காலிசெய்து, ராஜபாளையத்துக்கு மேற்கே ஒரு வாடகை வீட்டில் என்னைக் கொண்டுவந்து இறக்கினார். டாக்டருக்கு ராஜபாளையம், பெரிய டாக்டர் என்றால் மதுரை. அடுப்படியில் குரங்கு. இவரோ தினமும் மாடியில் நின்று, "மலை எப்படி இருக்கு பாத்தியா?" என்பார். நேற்று இருந்த இடத்தில்தான் இருக்கிறது என்பேன்.

நடக்க ஆரம்பித்ததும் கோபத்துக்கு வேறு ஆட்கள் கிடைத்தார்கள். அய்யனார் கோவில் ஆற்றங்கரையில் பிரியாணிப் பொட்டலம், ஷாம்பு பாக்கெட், உடைந்த பாட்டில். குளிக்கிற தண்ணீரிலேயே குப்பையைப் போடுகிறவர்களிடம் நான் பேசாமல் வந்ததில்லை. ஒருமுறை ஒரு வேன் கூட்டத்தோடு மல்லுக்கு நின்றேன். இவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

பக்கத்து வீட்டு அக்கா பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவரின் மனைவி. மலைத் தடமெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒரு ஞாயிறு, சர்ச்சுக்குப் போய் வந்த கையோடு, ஆற்றுக்கு மேலே இருக்கும் ஊற்றுக்கு எங்களை அழைத்துப் போனார். அவர் முன்னால், நான் நடுவில், இவர் வெகுதூரம் பின்னால். மெதுவாகத்தான் ஏறுவேன், எனக்காக யாரும் நிற்க வேண்டாம் என்று இவரே சொல்லியிருந்தார். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை என் பையில் இருந்தது.

தடம் இரண்டாகப் பிரியும் இடத்தில் அக்கா வலப்பக்கம் போவது தெரிந்தது. இடப்பக்கத் தடத்தின் குறுக்கே ஒரு பச்சைக் கொப்பு கிடந்தது. இலைகூட வாடவில்லை. குப்பை போட்டது போதாதென்று மரத்தையும் ஒடித்துப் போடுகிறார்களே என்று பற்றிக்கொண்டு வந்தது. காலால் எத்திப் பள்ளத்தில் தள்ளிவிட்டு நடந்தேன்.

ஊற்றில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். இவர் வரவில்லை.

"வந்துருவாவ," என்றார் அக்கா. "பிரிவுல கொப்பு போட்டுட்டுத்தான வந்தேன்."

"எதுக்கு?"

"போகக்கூடாத தடத்துல கொப்ப ஒடிச்சுப் போட்டா, பின்னால வாரவிய அந்தப் பக்கம் போக மாட்டாவ. இங்க எல்லாரும் அப்படித்தான்."

நான் தள்ளிவிட்டதைச் சொன்னேன்.

"கூறு இருக்கா ஒனக்கு? அது பாறைச் சரிவுக்குப் போற தடம்! என்னான்னு ஒரு வார்த்த கேக்க வேண்டியதுதான?" அக்கா எழுந்து ஓடினார். என்னைவிட மூத்தவர், என்னால்தான் அவருக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று ஆணுக்கு மட்டும் பழமொழி சொல்லி வைத்தவர்கள் மேல்கூட அப்போது கோபம் வந்தது. கல்யாணமாகி முப்பத்தைந்து வருடமாக வாயால் சொல்லாத இவருடைய பெயரைக் காடு முழுக்கக் கத்திக்கொண்டே ஓடினேன்.

சரிவுக்குச் சற்று முன்னால் ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை தெப்பலாக நனைந்திருந்தது. ஒரு கை நெஞ்சில். மாத்திரையை வாயில் வைத்தேன். சிறிது நேரத்தில் அவருக்கு மூச்சு நிதானப்பட்டது. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நானோ, "கண்ணை எங்க வச்சுக்கிட்டு நடந்தீங்க?" என்று அவரையே திட்டினேன். வெட்கங்கெட்ட வாய்.

"ரெண்டு தடமும் ஒரே மாதிரி இருந்துச்சு. ஒரு அடையாளமும் இல்லையே," என்றார் அக்காவிடம்.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "கொப்பு போட்டேன் அண்ணாச்சி. பன்னி தள்ளி விட்டுருக்கும்."

எதற்கெடுத்தாலும் சண்டைக்குப் போகிறவள், அன்று ஊமையாக நின்றேன்.

இப்போதும் மூவரும் மலைக்குப் போகிறோம். யாரும் யாரையும் விட்டு முன்னால் போவதில்லை. ஆனாலும் பின்னால் வருகிற வேறு யாருக்காவது ஆகுமே என்று, பிரிவுகளில் கொப்பு போடும் வேலையை இவர் எடுத்துக்கொண்டார். போட்டுவிட்டு, அதன்மேல் ஒரு கல்லையும் உருட்டி வைக்கிறார். "அந்தப் பாழாப்போன பன்னி மட்டும் என் கண்ணுல படட்டும்," என்று ஒவ்வொரு தடவையும் திட்டுகிறார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.