முடிந்துவிடுகிற பயம்

சாப்பாட்டு டப்பாவில் சாய்த்து வைத்த செல்போன், அதில் ஒரு பேய்ப்படம். அந்த அக்காவை நினைத்தால் இதுதான் முதலில் வரும். குளத்தூரில் பத்திரம் எழுதும் ஒரு ஆபீஸில் நாங்கள் இருவரும் டைப் அடித்தோம். மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, புளிச்சோற்றைப் பிசைந்தபடி அவர் படம் பார்ப்பார். திரையில் கதவு தானாகத் திறக்கும்போது நான் கண்ணைப் பொத்திக்கொள்வேன். அவரும் அலறுவார், அலறிய கையோடு கண்ணில் நீர் வரச் சிரிப்பார். படம் முடிந்ததும் அவர் முகத்தில், தலைக்குக் குளித்துவிட்டு வந்தவர் போல ஒரு தெளிவு இருக்கும்.

"இதுல என்னக்கா சந்தோஷம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எம்புட்டு பயந்தாலும் ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிருமுல்ல. புடிக்கலைன்னா நானே நிறுத்திக்கிருவேன்" என்றார்.

மனிதர்கள் ராட்டினம் ஏறுவதற்கும் பேய்க்கதை கேட்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம் என்று அப்போது தோன்றியது. நெஞ்சு அடித்துக்கொள்கிறது, ஆனால் நமக்கு ஒன்றும் ஆகாது என்பது உள்ளுக்குள் தெரியும். அந்த இரண்டும் ஒன்றாகக் கிடைப்பதில் ஒரு சுகம். அவர் அதைவிட எளிமையான ஒன்றைச் சொல்லியிருக்கிறார் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.

ஒரு மதியம், படத்தின் நடுவில் வெளியே ஒரு பைக் வந்து நின்றது. அக்கா சட்டென்று செல்போனைக் கவிழ்த்தார். உதடு வெளுத்து, சோற்றுக் கையோடு எழுந்து நின்றுவிட்டார். வந்தவர் வேறு யாரோ. பட்டா நகல் கேட்டு வந்திருந்தார். ஆனால் அக்காவால் உட்கார முடியவில்லை. "எங்க வீட்டுக்காரரு வண்டி மாதிரியே சத்தம்" என்றார். ஜாக்கெட் கைக்குக் கீழே கன்றிப்போயிருந்த காயத்தை அன்றுதான் பார்த்தேன்.

"எங்க வீட்டுக்கு வந்துருங்கக்கா. போலீஸ்ல சொல்லுவோம்" என்றேன்.

"மக ப்ளஸ் டூ எழுதட்டும்டி. அதுவரைக்கும் ஒண்ணும் கிளப்பாத."

மகள் பரீட்சை எழுதும் முன்பே அக்கா வேலைக்கு வருவது நின்றுவிட்டது. போன் சுவிட்ச் ஆஃப். பத்து நாள் பொறுத்துவிட்டு, இலுப்பூர்ப் பக்கம் இருந்த அவர் வீட்டுக்குப் பஸ் ஏறினேன். கணவர் வாசலிலேயே இருந்தார். மரியாதையாகப் பேசினார், நாற்காலி போட்டார். உள்ளேயிருந்து வந்த அக்கா, "வாங்க, நல்லா இருக்கீங்களா" என்றார். என்னை அவர் ஒருநாளும் அப்படி அழைத்ததில்லை. காப்பி டம்ளரை என்னிடம் நீட்டினார். குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன். கணவர் போன் பேசத் தெருவுக்கு இறங்கிய நிமிடத்தில் அக்கா குனிந்து டம்ளரை எடுப்பதுபோல் சொன்னார்: "இனி இங்கிட்டு வராத தாயி. நீ போனப்புறம் எனக்குத்தான்."

பெண்கள் உதவி எண்ணுக்கு ஒருமுறை பேசினேன். புகார் கொடுக்க அவர் சம்மதிப்பாரா என்று கேட்டார்கள். சம்மதிக்க மாட்டார் என்று சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அதன்பின் நான் அந்த ஊருக்குப் போகவில்லை. போகாமல் இருப்பது அவரைக் காப்பதற்கா, அந்த வாசலில் மறுபடி நிற்க எனக்குப் பயமாக இருப்பதாலா, இன்றுவரை தெரியவில்லை.