சத்தம் போடாத ரப்பர்

பம்பாயிலிருந்து விடுமுறையில் வந்த சித்தப்பா அந்த டேபிள் டென்னிஸ் மட்டையை நீட்டியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. மர அடுக்குகளுக்கு நடுவே கரிய இழை.

"கார்பனாக்கும். என்னை ஜெயிச்சா உனக்கு. தோத்தா என்கூடவே வண்டி ஏறிடும், கேட்டோ."

பத்து நாள் கெடு.

வலியசாலைத் தெருமுனை வாசகசாலையில் மேஜை. சித்தப்பா ஒரு காலத்தில் காலேஜ் சாம்பியன். வாசகசாலையின் பழைய மட்டையே அவருக்குப் போதும். ஒரே நிபந்தனை, விளக்கு வைப்பதற்குள் ஆடி முடிக்க வேண்டும். ஆடும்போது தலையைச் சாய்த்துக் காது கொடுப்பதுபோல் நிற்பார். சாம்பியன் ஸ்டைல் என்று நானும் சாய்த்துக்கொண்டேன்.

என் கார்பனின் இருபுறமும் தடித்த ஸ்பாஞ்சு வைத்த புது ரப்பர். தொட்டாலே 'டிக்'கென்று தெறித்து, பந்து பேப்பர் படிப்பவர் மடியில் போய் விழும்.

"என்னடீ, பழவங்காடி கோவில்லே தேங்காய் எறியறாப்பல எறியறே!"

தோற்றேன். மறுநாள் அதை உரித்துவிட்டு, சிநேகிதியின் மட்டையிலிருந்த மெல்லிய ஸ்பாஞ்சு ரப்பரை ஒட்டினேன். பந்து மேஜைக்குள் அடங்கியது. ஆனால் 'டிக்' கேட்டதுமே சித்தப்பா அங்கே நின்றார். மறுபடி தோல்வி. விடுவதாக இல்லை. வீடெல்லாம் பஞ்சர் சொல்யூஷன் நாற்றம், அம்மா திட்டினாள், ஒட்டினேன், உரித்தேன், ஒட்டினேன்.

ஒன்பதாம் நாள், வாசகசாலையில் உடைந்து கிடந்த மட்டையிலிருந்து ஸ்பாஞ்சே இல்லாத, முளை முளையான ரப்பரை உரித்து என் மட்டையின் பின்புறம் ஒட்டினேன். அந்தப் பக்கம் கார்பனின் வேகம் செத்தது. பந்து ஊமையாக மிதந்து போனது.

கடைசி நாள். முன்புறத்தால் இரண்டு 'டிக்', பிறகு மட்டையைத் திருப்பி ஒரு ஊமைப் பந்து. சித்தப்பாவின் வீச்சு ஒரு சாண் தள்ளிக் காற்றை அடித்தது. மறுபடி திருப்பினேன். மறுபடி காற்று. இருபத்தொன்று, பதினாறு.

"சத்தமே வரலையேடீ," என்றார், பந்து போன திசையை விட்டு வேறெங்கோ பார்த்தபடி. "மதி, போதும். மட்டை உனக்குத்தான்."

அதைப் பாராட்டு என்று வைத்துக்கொண்டேன்.

மறுநாள் தம்பானூர் ஸ்டேஷனில் வண்டி நின்றது. "எஸ் ஆறு பெட்டி எங்கேன்னு பாரு" என்றார் சித்தப்பா. அவர் நின்றதே அதன் வாசலில்தான். தகட்டில் புடைத்த எழுத்து அவர் முகத்துக்கு நேரே பெரிதாக இருந்தது. தோற்ற கோபத்தில் என்னைச் சீண்டுகிறார் என்று நினைத்தேன். மட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, "நீங்களே கண்டுபிடிங்கோ!" என்று சிரித்தேன்.

அவரும் சிரித்தார். பிறகு கையை நீட்டி, அந்த எழுத்தின் மேல் மெதுவாக விரலை ஓட்டிப் படித்தார்.