மதினி பார்த்து எடுத்த லேப்டாப்

பீரோவின் கீழ்த்தட்டில் ஒரு பழைய லேப்டாப் கிடக்கிறது. பதினேழு அங்குலத் திரை, தூக்கினால் தோள் இறங்கும் கனம். பேட்டரி செத்து வருஷக்கணக்கு ஆகிவிட்டது. சார்ஜரைச் செருகி எழுப்பினால், திரை கறுப்பாக இருக்கும்போதே வலது கீழ்மூலையில் ஒரு பச்சைப் புள்ளி எரியத் தொடங்கிவிடும். குண்டூசி முனை அளவுதான். மற்றதெல்லாம் ஆடி அசைந்து பிறகுதான் வரும். இதைத் தூக்கிப் போடச் சொல்லாதவர்கள் எங்கள் வீட்டில் இரண்டே பேர், நானும் என் மதினியும்.

அண்ணனைக் கட்டிக்கொண்டு மதினி அல்லிநகரத்துக்கு வந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் மதினி கண்ணில் படாமல் உள்ளே வந்ததில்லை. அரிசி, கத்தரிக்காய், முகூர்த்தப் பட்டு, எதுவானாலும் அண்ணன் கேட்கும் ஒரே கேள்வி, “உங்க மதினி பாத்தாளா?” என்பதுதான். மதினி தினமும் பஸ் ஏறிப் போடிக்குப் போய் ஓர் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கினார். தட்டில் பரப்பிய காய்களில் வெடித்தது, வெளுத்தது, பூச்சி அரித்தது எல்லாவற்றையும் தனித்தனியாக ஒதுக்குகிற வேலை. கடைக்காரரே மறுபடி பார்க்காமல் மூட்டை கட்டுவது மதினியின் தட்டை மட்டும்தான். அந்தப் பெருமை எங்கள் எல்லோருக்கும் உண்டு. மதினியைவிட எங்களுக்குத்தான் அதிகம் என்று இப்போது தோன்றுகிறது.

2008 வாக்கில் நான் கல்யாண ஆல்பம் வடிவமைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். ஐம்பது படங்களைச் சேர்ந்தாற்போல் திறந்தால் என் பழைய கம்ப்யூட்டர் மூச்சடைத்து நின்றுவிடும். பெண் வீட்டுக்கே எடுத்துப்போய்க் காட்டவும் வசதியாக இருக்கட்டும் என்று, என்ஜினியர்கள் வாங்குகிற பெரிய லேப்டாப் ஒன்றை எடுக்க மதுரைக்குக் கிளம்பினேன். மதினி இல்லாமல் எப்படிப் போவது? அவரையும் ஒரு நாள் லீவு போட வைத்துக் கூட்டிக்கொண்டு போனேன்.

கடைப் பையன் ப்ராசஸர், ராம் என்று அடுக்கிக்கொண்டிருக்க, மதினி அவனை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டார். மூடியைக் காதருகே வைத்துத் திறந்து மூடினார். ஓரத்து இணைப்பு முழுக்கக் கட்டைவிரலை ஓட்டினார். “தம்பி, இது மூடி ஒரு பக்கம் தூக்கி நிக்குது. வேற எடுங்க” என்றார். பையன் சிரித்துக்கொண்டே மூடி இடுக்கில் ஒரு காகிதத்தைச் செருகிப் பார்த்தான். வலப்பக்கம் நுழையவில்லை, இடப்பக்கம் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அவன் சிரிப்பு நின்றது. எனக்கு என்னமோ நானே கண்டுபிடித்த மாதிரி தலைக்கனம்.

இரண்டாவதாக வந்தது மதினியின் விரல் சோதனையில் தேறியது. பிறகு இரண்டு கைகளையும் திரைக்கு இருபுறமும் மறைப்பாக வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். திரையில் பச்சைப் பசேலென்று ஒரு புல்வெளிப் படம். “தெளிவா இருக்கு. எடுத்துக்க” என்றார். அதற்குமேல் நான் எதற்குப் பார்க்க வேண்டும்? பார்க்கவில்லை. வாங்கிய ஏழு நாளுக்குள் குறை இருந்தால் மாற்றித் தருவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

மறுநாள் சாயங்காலம் ஒரு மணப்பெண் படத்துக்காகத் திரை முழுவதும் கறுப்பாக்கினேன். பச்சைப் புள்ளி தெரிந்தது. துடைத்தேன், ஊதினேன், அணைத்துப் போட்டேன். அது நின்ற இடத்திலேயே நின்றது. புல்வெளியில் ஒளிந்து இருந்திருக்கிறது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அப்போதுதான் வேலை முடிந்து ஏலக்காய் வாசனையோடு உள்ளே வந்த மதினியிடம், அண்ணனையும் வைத்துக்கொண்டு, “அவ்வளவு நேரம் பாத்தீகளே, இது தெரியலையா?” என்று கத்திவிட்டேன்.

மதினி குனிந்து பார்த்தார். “எங்க?”

“அந்தா, பளிச்சுன்னு நிக்குதுல்ல?”

“ஆமா ஆமா. நிக்குது” என்று சொல்லி விரலை வைத்தார். புள்ளியிலிருந்து ஒரு சாண் தள்ளி, வெறும் கறுப்பின் மேல். அண்ணன் வாசல் பக்கம் திரும்பிச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அந்த விரலைப் பார்த்தது நான் மட்டும்தான். “அதேதான் மதினி” என்றேன். வேறென்ன சொல்ல?

அதன்பிறகு ராத்திரிச் சோற்றுக்கு அரிசியில் கல் பொறுக்கியவரைக் கவனித்தேன். முகம் எங்கோ இருந்தது, விரல்கள் மட்டும் முறத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அண்ணன் வெளியே போனதும் பக்கத்தில் உட்கார்ந்து, கண் சரியாகத் தெரியவில்லையா என்று மெதுவாகக் கேட்டேன். முறத்தைத் தரையில் இறக்கி வைத்தார்.

“ரெண்டு வருசமா புகைமூட்டமாத்தான் தெரியுது” என்றார். “கையே பாத்துரும். வெளுத்த காய மட்டும் பக்கத்துல இருக்கவ எடுத்துக் குடுப்பா. வெளிய சொல்லிறாதய்யா. கடையில தெரிஞ்சா தட்டத் திரும்ப வாங்கி வச்சுருவாக.”

நான் கத்தியதை நினைத்து வெட்கமாக இருந்தது. இரண்டு வருஷமாக மூன்று வேளையும் அந்தக் கையால் சாப்பிட்டிருக்கிறேன், ஒரு நாளும் அவர் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. பெண்களின் முகத்தில் பொட்டு அரை நூல் விலகியிருந்தாலும் கண்டுபிடித்துத் திருத்துவதுதான் என் தொழில்.

ஏழாம் நாள், லேப்டாப்பை மாற்றி வருவதாக அண்ணனிடம் சொல்லிவிட்டு இரண்டு பேரும் மதுரை பஸ் ஏறினோம். ஆண்டிபட்டி தாண்டியும் மதினி பையை மடியில் அணைத்துக்கொண்டே இருந்தார். மதுரையில் இறங்கியதும் நான் வேறு பக்கம் நடந்தேன்.

“கடை இங்கிட்டுல்ல இருக்கு?”

“மொதல்ல உங்களக் காட்டிட்டுப் போவம் மதினி.”

முரண்டு பிடிப்பார் என்று நினைத்தேன். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். கண் ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி, சொட்டு மருந்து விட்டு, டாக்டர் பார்த்து முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. இரண்டு கண்ணிலும் புரை, முற்றிவிட்டது, ஆபரேஷன் செய்தால் நன்றாகத் தெரியும் என்றார்கள். லேப்டாப் பையைத் திறக்காமலே வீடு திரும்பினோம்.

“மாத்தியாச்சா?” என்றார் அண்ணன். ஆச்சு என்று பொய் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் மதினி முந்திக்கொண்டார். “அத மாத்தல. என் கண்ணத்தான் மாத்தப் போறாக.” சொல்லிவிட்டு அழுதார். அண்ணன் கையில் பிடித்த காபித் தம்ளரோடு நின்றது நின்றபடி நின்றார்.

ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கண்ணும் ஆபரேஷன் ஆனது. கறுப்புக் கண்ணாடியெல்லாம் கழற்றி, மறுபடி போடிக்குப் போகத் தொடங்கியிருந்தார். ஒருநாள் நான் வேலையாக இருக்கும்போது பின்னால் வந்து நின்றார். தோளுக்கு மேலாகக் கை நீண்டது. விரல் நேராகப் புள்ளியின் மேல் வந்து நின்றது.

“ஏலே, இங்கன ஒரு பச்சைப் புள்ளி நிக்குதே! இதக்கூடப் பாக்காம எந்தக் குருட்டுப்பய எடுத்தது?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மதினிக்கும் அப்படித்தான்.

அதற்குப் பிறகு மூன்று லேப்டாப் மாற்றிவிட்டேன். எல்லாவற்றிலும் மாசு மருவற்ற திரை. போன வாரம் பழைய படம் ஒன்றைத் தேடி இதை எடுத்துச் சார்ஜரைச் செருகினேன். அடுப்படியில் இருந்த மதினிக்கு இதன் விசிறி இரைகிற சத்தம் கேட்டிருக்கும்.

“இன்னும் எரியுதா தம்பி?”

“எரியுது மதினி” என்றேன்.